கல்லில் ஏறிய நாற்பத்தெட்டுப் பெயர்கள்

நடுநாட்டுச் சுவடுகள் – 14

ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்தன்று திருநாவலூரில் சுந்தரர் குருபூசை. எங்கள் களமருதூர்ப் பக்கத்து ஜனங்கள் வேலையை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸிலும் பைக்கிலும் போய்ச் சேர்வார்கள். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருக்கும் இடைவெளியில், ஓதுவார் ஒரு தூணோரமாக வந்து நிற்பார். இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், கையில் ஒரு ஜோடித் தாளம். அந்தத் தாளத்தைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். வெண்கலத்தின் விளிம்பு தேய்ந்து, பிடிக்கிற கயிறு வியர்வையில் கறுத்துப் போயிருக்கும். அவர் கண்ணை மூடித் திருநாவலூர்ப் பதிகத்தை எடுக்கும்போது, வரிசையில் நிற்பவர்களின் சலசலப்பு தானாக அடங்கும்.

பண் நட்டராகம். இன்றைய ஓதுவார்கள் இதைப் பந்துவராளியில் பாடுகிறார்கள். தான் பிறந்த ஊரைப் பற்றிச் சுந்தரரே பாடிய பதிகம் இது. சிறுபிள்ளையாக இருந்தபோது தன்னை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரின் பெயரையும் அதில் மறக்காமல் வைத்திருக்கிறார்.

சென்ற இதழில் ராஜாதித்தன் கதையை 949-இல் தக்கோலத்தில் நிறுத்தினோம். யானைமேல் துஞ்சிய அந்த இளவரசன், திருமுனைப்பாடியில் தண்டு இறக்கியிருந்த காலத்தில் கற்றளியாக்கிய கோயில்தான் இந்தத் திருத்தொண்டீச்சரம். படை போய்விட்டது. அரண்மனை இருந்த தடம்கூட இல்லை. பாட்டு மட்டும் அதே கோயிலில், அதே தூண்களுக்கு நடுவே, மனிதத் தொண்டையில் இன்னும் ஒலிக்கிறது. ஒலிக்கு உடம்பில்லை, பாடி முடித்த நொடியில் கரைந்துபோகிற பொருள் அது. அதை எப்படி ஆயிரம் வருஷத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள்? இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் நடக்கப்போகிறோம்.

முதலில் நம் மண்ணின் பங்கைச் சொல்லிவிட வேண்டும். தேவார மூவரில் இருவர் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்கள். அப்பர் பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர், சுந்தரர் திருநாவலூர். சம்பந்தரும் திருக்கோவலூர் வீரட்டத்தையும் அறையணிநல்லூரையும் பாடியவர். சுந்தரர் பதிகங்களில் நம் கைக்கு வந்தவை 100. அந்த நூறுக்குள் 17 பண்கள். திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்துக்கு இந்தளம், சொந்த ஊருக்கு நட்டராகம், திருவாரூரில் மனம் நொந்து பாடிய ஒரே ஒரு பதிகத்துக்குச் செந்துருத்தி. தேவாரம் மொத்தத்திலும் செந்துருத்திப் பண் அந்த ஒரு பதிகத்துக்கு மட்டும்தான். கோபத்துக்கும் உரிமைக்கும் என்று ஒரு பண்ணைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்ட மனிதர் அவர். சங்கீதம் தெரியாமல் இப்படிச் செய்ய முடியாது.

அவருக்கும் முன்பே இந்தப் பகுதி வாத்தியங்களின் பகுதி. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம். சங்க காலத்தில் அங்கே ஆண்ட நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டுதான் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடி. எடுத்த எடுப்பிலேயே கூத்தர் மூட்டையைப் பிரித்துக் காட்டுகிறார் புலவர்: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, நெடுவங்கியம், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. பலாக்காய்க் கொத்துபோல இவற்றைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தெருக்கூத்து ஜமாதான் நினைவுக்கு வரும். வேனிலிருந்து இறங்கும் மிருதங்கப் பெட்டி, ஹார்மோனியம், துணிப்பையில் சுற்றிய முகவீணை. விடிய விடிய ஊதப்போகிற கலைஞர் சீவாளியை வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்துக்கொண்டே வேஷக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பார். நாணல் ஊறி இளகினால்தான் இரண்டு இதழும் ஒன்றோடொன்று துடிக்கும். காய்ந்த சீவாளி கத்தாது. இதே இரட்டை நாணல் வித்தை அரபுநாட்டு வழியாகப் போய் இடைக்கால ஐரோப்பாவில் 'ஷாம்' என்ற ஊதுகருவியாகி, ஊர்வலங்களிலும் கோட்டை மதில்களிலும் முழங்கியது. நாகசுரத்துக்கும் அதற்கும் ஒரே குடும்ப ஜாடை.

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்க வேண்டிய ஒன்று யாழ். பாணர் என்றாலே யாழ்தான். வளைந்த மரக்கொம்பு, அதற்குக் கோடு என்று பெயர். அதன் அடியில் குடைந்த பத்தர், பத்தர்மேல் இழுத்துப் போர்த்திய தோல், தோலிலிருந்து கோட்டுக்கு ஏறும் நரம்புகள். ஒவ்வொரு நரம்பையும் கோட்டோடு இறுக்குகிற வார்க்கட்டுக்குத் திவவு. திவவை மேலே தள்ளினால் சுருதி ஏறும், கீழே இறக்கினால் தாழும். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. சம்பந்தரோடு ஊர் ஊராக நடந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் கையில் இருந்தது சகோடயாழ் என்கிறார் சேக்கிழார். கூடவே அவர் மனைவி மதங்கசூளாமணி பாடினார். சம்பந்தர் பதிகத்தைச் சொல்ல, அவர் கையில் திருக்கோலக்காவில் கிடைத்த பொற்றாளம் ஒலிக்க, பாணர் நரம்பில் வாங்க, மதங்கசூளாமணி குரலில் வாங்க, மூன்று பேராகத் தமிழ்நாட்டை நடந்தே அளந்தார்கள்.

இனி தஞ்சாவூருக்குப் போவோம். 1014. ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டு. பெரிய கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு. உடையார் ராஜராஜேசுவரமுடையார் முன்பாகத் திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்கள். அவர்களோடு நிலையாய் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். தலைக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி நெல், ராஜகேசரி மரக்காலோடு ஒக்கும் ஆடவல்லான் மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். 12 குறுணி ஒரு கலம் என்பதால், தினமும் பன்னிரண்டரைக் கலம் நெல் பாட்டுக்காக மட்டும் பண்டாரத்திலிருந்து வெளியே வந்தது. பாடகருக்கும் உடுக்கைக்காரருக்கும் ஒரே கூலி. இது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மேடையில் பாடுகிறவருக்கு ஒரு கணக்கு, பக்கவாத்தியத்துக்கு ஒரு கணக்கு என்று பழகிப்போன நமக்கு இந்த நெல்லளவு ஒரு பாடம்.

அந்த 48 பேரையும் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். சதாசிவன், ஞானசிவன், தர்மசிவன் என்று தீட்சைப் பெயரும் சேர்த்து வரிசை நீள்கிறது. அதைவிடப் பெரிய காரியம் அடுத்து வருகிற ஏற்பாடு. இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குப் பாட வராவிட்டால், தகுதியான இன்னொருவரை அவர்களே பிடித்து நிறுத்த வேண்டும். அதாவது ஆள் மாறினாலும் மாறட்டும், பாட்டு நிற்கக்கூடாது. நாற்பத்தெட்டு என்ற எண்ணிக்கை குறையக்கூடாது.

இது ராஜராஜன் திடீரென்று கண்டுபிடித்த வழக்கமில்லை. 9-ஆம் நூற்றாண்டிலேயே, வடக்கே திருவல்லத்தில் நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு திருப்பதியம் பாடுவாரைக் குறிப்பிடுகிறது. நமக்குப் பக்கத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர் படித்த கல்லூரிக்கு மானியம் கொடுத்த கல்வெட்டே, திருவாய்மொழி பாடுவார்க்கும் வழி செய்கிறது. ஆனால் ஒரே கோயிலில் இத்தனை பேரை, பெயரும் வாரிசு முறையும் சேர்த்துக் கல்லில் ஏற்றியது தஞ்சைதான். அதே கோயில் சுவரில் இன்னொரு நீண்ட பட்டியல்: தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஆளுக்கொரு வீடு, ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். தொடர்ந்து வீணை, வங்கியம், பாடவியம், முத்திரைச் சங்கு, தமிழ் பாடுவார், ஆரியம் பாடுவார் என்று போகிறது. ஒரு முழுச் சங்கீத ஊரே கோயிலைச் சுற்றிக் குடியேறியிருந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில், உலகின் இன்னொரு மூலையில், இதே கவலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இத்தாலியில் அரெட்சோ நகரம். கீதோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி. அங்கேயும் தேவாலயத்துப் பாட்டு வாய்வழிப் பாட்டுதான். சார்லமேன் காலத்திலிருந்து ரோமாபுரி மெட்டைப் பிராங்கு நாடெங்கும் பரப்ப முயன்று, ஆசிரியர்களை அனுப்பி, ஆளுக்கு ஆள் மெட்டு மாறிப் போவதைக் கண்டு சலித்திருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏட்டில் எழுத்துக்கு மேலே சிறு கீற்றுகள் போட்டுவந்தார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அது சொல்லும், எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சொல்லாது. மெட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டும், புதியவருக்கு உதவாது. கீதோ 1025-ஐ ஒட்டி, வரிகளுக்கு மேலே கிடைக்கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளிக்கும் ஒரு சுரம் என்று நிறுத்தினார். ஒரு பாடகனைத் தயாரிக்கப் பத்து வருஷம் ஆகிறது, என் முறையில் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் போதும் என்று தன் நண்பரான துறவிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் மேற்கத்திய சுரக்குறிப்புத் தாள் அந்தக் கோடுகளின் பேரப்பிள்ளை.

1014-க்கும் 1025-க்கும் நடுவே பதினோரு வருஷம்தான். அவர்கள் பாட்டை ஏட்டில் இறக்கினார்கள். நாம் பாடுகிற மனிதரைக் கல்லில் ஏற்றினோம். அங்கே பாடகன் இல்லாவிட்டாலும் தாள் இருக்கும். இங்கே பாடகன் இல்லாமல் போக விடமாட்டோம் என்று நெல்லை வைத்துக் கட்டினோம். எது மேல் என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கமகத்தின் குழைவைக் கோட்டுக்கும் இடைவெளிக்கும் நடுவே பிடித்து வைக்க முடியாது, அது குருவின் குரலிலிருந்து சீடனின் காதுக்கு மட்டுமே இறங்கும். அதே சமயம், நெல் நின்ற ஊர்களில் பாட்டும் நின்றுபோனது. தாளில் இருந்திருந்தால் யாராவது மறுபடி எடுத்திருப்பார்கள்.

எழுதத் தெரியாமல் நாம் விட்டுவிடவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில், குடைவரைக்கு அருகே பாறைச் சரிவில் 38 வரிகளில் ஒரு கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சொல்லே இல்லை, முழுக்க முழுக்கச் சுரம். ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரமாக அடுக்கிய வரிசைகள். ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றிச் சுரத்தின் நுட்பத்தைக் காட்டியிருக்கிறார்கள். ருத்திராசாரியர் என்பவரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று முடிவில் சொல்கிறது. அரசனின் பெயர் கல்லில் இல்லை. இது கீதோவுக்கு 400 வருஷத்துக்கு முந்தைய வேலை. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது, சிறுவயதில் ஸ்லேட்டில் சரளி வரிசை எழுதிப் பழகின நினைவு எனக்கு வந்தது. நம்மிடம் கை இருந்தது, உளி இருந்தது, எழுத்தும் இருந்தது. ஆனாலும் தேவாரத்துக்கு அந்த வழியை எடுக்கவில்லை. பரிபாடலைப் பாருங்கள். எழுபதில் 22 பாட்டு மிஞ்சியது. பாட்டை எழுதியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது என்று பெரும்பாலானவற்றின் கீழே குறித்திருக்கிறார்கள். கண்ணனாகனார், நன்னாகனார் என்று இசையமைப்பாளர்களின் பெயர்கூட வந்துசேர்ந்துவிட்டது, இசை வரவில்லை. தென் பிரான்சின் திரூபதூர்ப் பாணர்களுக்கும் இதே கதிதான். சுமார் 2,500 பாட்டு மிஞ்சியிருக்கிறது, மெட்டு மிஞ்சியது அதில் பத்தில் ஒரு பங்குக்கு.

யாழ் என்ன ஆனது? பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது மரவேலைக் காரணம். வில்போல வளைந்த கோடு ஒரு பக்கம் திறந்தே நிற்கிறது. ஒரு நரம்பை முறுக்கினால் கோடு துளி உள்வாங்கும். உடனே மற்ற நரம்புகள் தளரும். பதினான்கு நரம்பையும் ஒரு சேரச் சுருதியில் நிறுத்துவது எவ்வளவு பொறுமை கேட்டிருக்கும்! ஐரோப்பியரின் ஹார்ப்பும் இதே குடும்பம்தான். ஸ்காட்லாந்தின் பழைய கற்சிற்பங்களில், சுமார் 8, 9-ஆம் நூற்றாண்டு முதல், அதன் திறந்த வாயில் ஒரு மூன்றாவது கட்டையைக் கொடுத்து முக்கோணமாக்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஒரு கட்டை இழுவையைத் தாங்கிக்கொண்டது. ஹார்ப் பிழைத்தது. நம் யாழுக்கு அந்தக் கட்டை வரவில்லை. ஒரே தந்தியை அழுத்தி இழுத்துச் சுரத்தைக் குழைக்கிற வீணை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. பர்மாவின் சவுங் இன்றும் வில்யாழாகவே வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்கிறபோது நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தூரதேசத்தில் பார்த்தது போலிருக்கும்.

ஸ்பெயினில் சந்தியாகோ பேராலயத்து வாசலில் மத்தேயோ என்ற சிற்பி 1188-ஐ ஒட்டிச் செதுக்கிய 24 முதியவர்கள் இருக்கிறார்கள். பலர் கையில் வாத்தியம். நடுவில் இருவர் சேர்ந்து வாசிக்கும் ஒரு சக்கரக் கருவி, ஒருவர் கைப்பிடியைச் சுற்ற இன்னொருவர் சுரத்தைத் திருப்புவார். 1990-ஐ ஒட்டி அந்தக் கல் வாத்தியங்களை அளந்து, மரத்தில் திரும்பச் செய்து, வாசித்தும் பார்த்தார்கள். நமக்கு அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, நரம்பின் நீளத்தையும் அலகையும் கணக்குப் போட்டு, யாழின் வடிவத்தையும் பண்ணின் கட்டையும் மீட்டெடுக்கப் பல வருஷம் உழைத்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

நம்மைவிட்டுப் போகாத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 48 பிடாரர்களும் எந்த மெட்டைப் பாடினார்கள், அதை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

திருமுறைகண்ட புராணம் சொல்கிற வரலாற்றின் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். சிதம்பரத்தில் பூட்டிய அறை, மூவரின் கைகள் முத்திரை, மூவர் திருமேனியையும் எழுந்தருளச் செய்து அரசன் திறப்பித்தது, கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகள், நம்பியாண்டார் நம்பி தொகுத்தது. பிற்பாதியைப் பேசுவார் குறைவு. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. சொல் இருக்கிறது, மெட்டு போய்விட்டது. அரசனும் நம்பியும் கலங்கி நின்றபோது, திருஎருக்கத்தம்புலியூருக்குப் போ என்று அசரீரி கேட்டதாகப் புராணம் சொல்கிறது. திருஎருக்கத்தம்புலியூர் வேறெங்கோ இல்லை. விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அவளைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவள் பாடிக் காட்டியபடி பதிகங்களுக்குப் பண் அடைவு செய்தார்கள்.

கொஞ்சம் நின்று இதை நினைத்துப் பாருங்கள். பாணரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய காலம் அது. திருவாரூரில் யாழ்ப்பாணர் உள்ளே வர வடதிசையில் தனியாக ஒரு வாயில் திறந்தது என்றுதான் பெரியபுராணமே சொல்கிறது. அந்தக் குலத்துப் பெண் ஒருத்தியின் தொண்டையில்தான், அரசனின் பண்டாரத்திலும் இல்லாத பொருள் இருந்தது. வீட்டு வேலைக்கு நடுவே, பிள்ளையைத் தூங்கவைக்கும்போது, பாட்டியிடம் கேட்டதை அவள் முணுமுணுத்திருக்க வேண்டும். கல்வெட்டு இல்லை, மானியம் இல்லை, நெல் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கபிலரைப் பேசுகிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததைச் சொல்கிறது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு புலவரின் துக்கத்தைக் கல் மறக்கவில்லை. தஞ்சைக் கல் 48 பேரை மறக்கவில்லை. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயரைக் கல்லும் வைத்திருக்கவில்லை, புராணமும் சொல்லவில்லை.

போன குருபூசை அன்று, தீபாராதனை முடிந்து கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்த பிறகு, ஓதுவாரிடம் போய் உட்கார்ந்தேன். "ஐயா, இந்தப் பதிகத்தைச் சுரம் எழுதி வெச்சுக்கிட்டுப் படிச்சீங்களா?" என்றேன். தாளத்தை வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுத விடமாட்டாருங்க எங்க ஐயா. அவர் ஒரு அடி சொல்வார், நாங்க ரெண்டு தரம் திருப்பிச் சொல்லணும். வரலேன்னா மறுபடியும் முதல்ல இருந்து. விடியக்காலம் நாலு மணிக்குக் குளிச்சிட்டு ஈரத்துணியோட உக்காருவோம்." பிறகு, நான் கேட்காமலேயே, அந்த ஐயா பாடுகிற மாதிரியே ஒரு அடியை மெதுவாகப் பாடிக் காட்டினார். இரண்டாம் தரம் பாடும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார், திருப்பிச் சொல்லச் சொல்லி.

(தொடரும்)